தெனெம்பாவின் கிழக்குச் சுவர்

ஜென்னே ஊரில் ஒருத்திக்குப் புருஷன் போனால் இன்னொருவன் கிடைப்பான். கொத்தனார் போனால்தான் கிடைக்க மாட்டான். கருவாட்டுக்காரி தெனெம்பாவுக்குப் போனது கொத்தனார்.

புருஷன் இருந்தான், பாயோடு பாயாக. படகில் ஏற்றும்போது உப்புப் பாளம் ஒன்று நழுவி இடுப்பில் விழுந்த நாளிலிருந்து பாமோய்க்கு எழுந்து நடக்க முடியாது. வாய் மட்டும் முன்பைவிட நன்றாக நடந்தது.

மண் வீடு. வருஷா வருஷம் மழைக்கு முன்னால் பூசியாக வேண்டும், இல்லாவிட்டால் ஆற்றிலிருந்து வந்த மண் ஆற்றுக்கே போய்விடும். பூசுவதற்கென்று ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு கொத்தனார் பரம்பரை உண்டு. அந்தப் பரம்பரை அஸ்திவாரத்தில் ஏதோ முணுமுணுத்து வைத்திருக்கும். அது என்னவென்று கொத்தனாரின் பெண்டாட்டிக்கே தெரியாது. வேறு கொத்தனார் அந்தச் சுவரில் கை வைத்தால் சாரத்திலிருந்து விழுவான், அல்லது அவன் பிள்ளை விழும். அப்படி விழுந்தவர்களின் பெயர்களை ஊரில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். ஆளுக்கு ஆள் பெயர் மாறும், அவ்வளவுதான்.

தெனெம்பா வீட்டுக் கொத்தனார் கோமே. அந்த வருஷம், ஆற்றில் பல நாள் தூரத்தில் காவோவில் இருக்கும் ராஜாவுக்குப் புது மாளிகை கட்ட ஆசை வந்தது. குதிரைக்காரர்கள் வந்து கொத்தனார்களைப் படகில் ஏற்றிக்கொண்டு போனார்கள். எல்லாரையும் அல்ல. வந்த அதிகாரிக்குக் கூடை நிறையக் கோலாக்கொட்டை கொடுத்தவர்களுக்குத் திடீரென்று முதுகுவலி வந்திருந்தது. கோமேக்குக் கொடுக்கத் தெரியவில்லை. வலியும் வரவில்லை.

கிழக்குச் சுவரில் மேலிருந்து கீழ்வரை விரிசல். மழை கிழக்கிலிருந்துதான் வரும். வாசல் குழியில் உமியும் சாணியும் கலந்து பூச்சுக்கான சேறு புளித்துக்கொண்டிருந்தது. அதன் நாற்றமா, அவள் கருவாட்டு நாற்றமா என்று பக்கத்து வீட்டுக்காரிகள் தினமும் வழக்காடினார்கள்.

முதுகுவலிக்காரர்களில் பெரியவர் லாசினா. அவரிடம் போனாள்.

"மாமா, சேறு தயாரா இருக்கு. வந்து தடவிட்டுப் போங்க, போதும்."

"அடுத்தவன் பெண்டாட்டியத் தடவுன்னு சொல்ற மாதிரி இருக்கும்மா."

"இது சுவரு மாமா."

"எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். கோமே வாயால 'சரி'ன்னு சொல்லட்டும், நாளைக்கே சாரம் கட்டுறேன்."

"அவரு காவோவுல இருக்காரே."

"அதத்தான் நானும் சொல்றேன்."

கோமேயின் பெண்டாட்டியிடம் போனாள். அவள் இவளுக்கு முன்பே அழ ஆரம்பித்துவிட்டாள். கோமேயின் 'சரி'யைக் கேட்டு வரச் சொல்லி, காவோ போகும் படகுக்காரன் ஒருவனைத் தெனெம்பாவே அனுப்பினாள். அவன் திரும்பி வருவதற்குள் இரண்டு சுவர் கட்டலாம்.

வானத்தில் புழுதி நிறம் மாறிக்கொண்டிருந்தது. சந்தையில் அவள் கருவாட்டைப் புரட்டுவதும் கிழக்கே பார்ப்பதுமாக இருந்தாள். எதிரே வெங்காயக் கடை போட்டிருந்தவன் அம்பேரே, தோகோன் மலைக்காரன். இவள் பொசோ ஆற்றுக்காரி. இந்த இரண்டு குலத்துக்கும் நடுவில் ஆதியிலிருந்து கேலி உறவு. பார்த்த இடத்தில் திட்ட வேண்டும், அடிமை என்று கூப்பிட வேண்டும், கேட்டதை மறுக்கக் கூடாது. கோபம் மட்டும் வரவே கூடாது. வந்தால் அது பாவம்.

"என்ன மீன்காரி, வானத்துல மீன் பிடிக்கிறியா?"

"போடா பயறு தின்னி. என் தாத்தன் தன் தொடைய அறுத்து உன் தாத்தனுக்குப் பசியாத்தினான். அந்த நன்றி இருக்கா?"

"அந்தக் கறியில உப்பே இல்லையாம். எங்க வீட்டுல இன்னும் சொல்லிக்காட்டுறாங்க."

அவள் சிரிக்கவில்லை. அம்பேரே வெங்காயத்தைக் கீழே வைத்தான். விஷயத்தைக் கேட்டான். கேட்டு முடித்ததும் அவன் கண்ணில் ஒரு வெளிச்சம் வந்தது. அந்த வெளிச்சத்தைப் பார்த்தபோதே அவள் எழுந்து போயிருக்க வேண்டும்.

"கொத்தனாருதானே தொடக் கூடாது? நான் கொத்தனாரா? நான் உன் அடிமை. நான் செய்யுற எதுவும் வேலையில்ல, கேலி. கேலிக்கு ஏது தோஷம்?"

"உனக்குப் பூசத் தெரியுமா?"

"மலையில நாங்க என்ன மரத்துலயா தொங்குறோம்?"

"பாத்தா அப்படித்தான் இருக்கு."

இருந்தாலும் சரி என்றாள். வேறு என்ன சொல்வாள்? அவன் சொன்ன நியாயத்தில் ஓட்டை எங்கே என்று அவளுக்குப் புலப்படவில்லை. ஊருக்கும் புலப்படவில்லை. லாசினாவே யோசித்துவிட்டு, "கேலின்னா நான் கேட்கிறதுக்கு ஒண்ணுமில்ல" என்றார்.

மறுநாள் அம்பேரே வந்தான், தலையில் பெண்கள் கட்டும் துணியைக் கட்டிக்கொண்டு. கேலி கேலியாகத் தெரிய வேண்டுமே. தெரு முழுக்கக் கூடிவிட்டது. அவன் சேற்றை அள்ளி அள்ளி அப்பினான். உள்ளே படுத்திருந்த பாமோய்க்குச் சத்தம் மட்டும் கேட்டது.

"ஏய், பழைய பூச்சைச் சுரண்டினானா?"

"சுரண்டலங்க."

"விரிசலுக்குள்ள திணிச்சானா?"

"மேல அப்புறான்."

"எவ்வளவு கனம்?"

அவள் எட்டிப் பார்த்தாள். "என் கை முழங்கை வரைக்கும் போகும்போல."

பாமோய் பாயில் கையை ஊன்றி எழப் பார்த்தான். "நிறுத்தச் சொல்லு" என்றான்.

வெளியே வந்து, "போதும்டா, நிறுத்து" என்றாள். கூட்டம் சிரித்தது. கேலி உறவுக்காரனை நிறுத்து என்றால் இன்னும் செய் என்று அர்த்தம். அம்பேரேவும் சிரித்துக்கொண்டே இன்னொரு கூடை அப்பினான். "மெய்யாத்தான்டா சொல்றேன்" என்றாள். அதற்கு இன்னும் பெரிய சிரிப்பு. லாசினா கூட்டத்தின் பின்னால் நின்று சுவரைப் பார்த்தார், தன் கைகளைப் பார்த்தார், முதுகைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குப் போனார்.

பூச்சு காய்வதற்குள் மழை வந்துவிட்டது. மத்தியானத்தில், கிழக்கே சிவப்பாக ஒரு சுவர் எழுந்து நடந்து வருவதுபோல முதலில் புழுதி, அதன் பின்னால் தண்ணீர். ஈரப் பூச்சின் பாரம் விரிசலைப் பிடித்து இழுப்பதை அவள் உள்ளேயிருந்து கேட்டாள். துணி கிழிகிற மாதிரிச் சத்தம். பாமோயைப் பாயோடு சேர்த்து வாசலுக்கு இழுத்தாள். கருவாட்டுக் கூடைக்காகத் திரும்பினாள்.

"விடுடி" என்றான் அவன். விட்டாள்.

சுவர் வெளிப்பக்கம் சாய்ந்தது. மேலே இருந்த பனங்கட்டைகள் ஒவ்வொன்றாகக் கீழே வந்தன. சத்தம் அதிகமில்லை. ஈர மண் விழும்போது யாரோ உட்காருகிற மாதிரித்தான் இருக்கும்.

மழை விட்டதும் தெரு கூடியது. பூச்சுக்கு வந்த அதே கூட்டம். நனைந்த கணவனும் மனைவியும் வாசலில் இருந்தார்கள். அம்பேரே ஓடி வந்தான், தலையில் துணி இல்லை. இடிந்ததைப் பார்த்து நின்றுவிட்டான். வாய் கோணியது.

தெனெம்பா எழுந்தாள். "என் வீட்ட அழிச்சிட்டியேடா."

யாரோ சிரித்தார்கள். கெட்ட எண்ணத்தில் அல்ல. ஆற்றுக்காரி மலைக்காரனைத் திட்டினால் சிரிப்பதுதான் மரியாதை. சாவு வீட்டிலும் அப்படித்தான் சிரிப்பார்கள்.

"என் புருஷன எங்கடா படுக்க வைப்பேன்? சொல்லுடா பாவி."

இன்னும் கொஞ்சம் பேர் சிரித்தார்கள். அம்பேரே சிரிக்கவில்லை. ஆனால் எல்லாரும் அவன் முகத்தையே பார்த்தார்கள். பதில் சொல்லாமல் விட்டால் அவளுக்கு உண்மையிலேயே கோபம் வந்துவிட்டது என்று ஆகும். அந்தப் பாவம் அவள் தலையில் விழும். அவளுக்கு இருந்தது இனி அந்தத் தலை ஒன்றுதான்.

தொண்டையைச் செருமிக்கொண்டான். "அடிமைக்கு... அடிமைக்கு எதுக்கு வீடு" என்றான். குரல் பாதியில் உடைந்தது.

கூட்டம் கைதட்டியது.

எதையாவது எடுத்து எறியத் தேடினாள். சேறுதான் இருந்தது. இரண்டு கையாலும் அள்ளி அவன் நெஞ்சில் அடித்தாள். அதற்கும் சிரித்தார்கள். இன்னொரு முறை அடித்தாள். அவன் நகரவில்லை, துடைக்கவும் இல்லை. அடித்து அடித்து அவள் கை ஓய்ந்தது. கூட்டமும் சிரித்து ஓய்ந்து, அடுப்பில் வைத்ததை நினைத்துக் கலைந்தது.

போகும்போது லாசினா மட்டும் பாமோய் பக்கத்தில் குனிந்தார்.

"அடியில ரெண்டு வரிசை அப்படியே நிக்குது. அது கோமே அப்பன் கட்டினது" என்றார். "நான் தொடல, பாத்தேன்."

அம்பேரே பாயின் ஒரு முனையைப் பிடித்தான். தெனெம்பா மறுமுனையைப் பிடித்தாள். எந்தப் பக்கம் தூக்குவது என்று இருவருக்கும் தெரியவில்லை. கிழக்கே மறுபடி இருட்டிக்கொண்டு வந்தது.