வண்டிப்பாதை விடாத வயல்

எங்கள் ஊர் நஞ்சையில் வயலுக்குப் போகத் தனிப்பாதை கிடையாது. ரோட்டை ஒட்டிய வயல்காரர் முதலில் அறுப்பார். அவர் அறுத்துவிட்ட வயலின் அடித்தாள்மீது அடுத்த வயல்காரரின் வண்டி போகும். இப்படியே உள்ளே உள்ளே போய், கடைசியில் அறுப்பவர் செல்லக்கனி. வாய்க்காலை ஒட்டிய ஒன்றேகால் ஏக்கர். கணவர் பொன்னுதுரை இறந்த பிறகு தனியாகத்தான் பயிர் வைக்கிறார்.

1987இல் மறு நில அளவைக்கு வந்த சர்வேயர், "வண்டிப்பாதை விட்டு அளக்கவா?" என்று கேட்டார். கிராம நிர்வாக அலுவலராக இருந்த நானும் உடன் நின்றேன். யாரும் சம்மதிக்கவில்லை. எல்லோரையும்விட உரக்கப் பேசியவர், அப்போது இளம் மருமகளாக இருந்த செல்லக்கனிதான்.

"வண்டி வருசத்துல நாலு நாளு போவும். அதுக்கு நெல்லு வெளையுத மண்ண விடணுமாக்கும்? நல்லா இருக்குய்யா ஒங்க நியாயம்!"

எல்லோரும் சிரித்தார்கள். வரைபடத்தில் பாதை ஏறவில்லை.

அந்த ஆண்டு எங்கள் ஊரில் நெல் 214 ஏக்கர். 2005இல் 131. இன்று 38. தூத்துக்குடி ரோடு அகலமானதும் வயல்கள் ஒவ்வொன்றாக மனைகளாயின. செல்லக்கனியின் வயலுக்கு இரு பக்கமும் மதில்கள் எழுந்தன. அவர் ரோட்டுக்கு வர மிஞ்சியிருந்த ஒரே வழி பால்துரையின் வயல்; அதையும் சென்ற ஆவணியில் மனை போட்டு விற்கும் லிங்கராஜ் வாங்கினார். சிமெண்ட் ரோடு போட்டு, மதில் எழுப்பி, கேட் வைத்தார்.

மாசியில் செல்லக்கனியின் நெல் முற்றியது. டயருக்குப் பதில் செயினில் ஓடும் அறுப்பு மெஷின் வந்து, பூட்டிய கேட்டுக்கு வெளியே நின்றது.

"தம்பி, ஒரு நாளைக்கு மட்டும் தொறந்து விடுப்பா. போயிட்டு வந்துரும்" என்றார் செல்லக்கனி.

"யக்கா, செயின் வண்டி ஏறுனா ரோடு பேந்துரும்லா" என்றார் லிங்கராஜ். "நான் சொல்லுதத கேளுங்க. வயல எனக்கே குடுத்துருங்க. பாதையில்லாத எடத்த வேற எவன் வாங்குவான்?"

அவர் சொன்ன விலை, பால்துரைக்குக் கொடுத்ததில் பாதி.

டீக்கடையிலிருந்து ஒரு கிழவர் குரல் கொடுத்தார்: "ஏளா செல்லக்கனி, மெஷின ஹெலிகாப்டர்லதான் எறக்கணும் போல!"

"எறக்குதேன் பாட்டையா. மொதல்ல ஒம்ம தலையிலதான் எறக்குவேன்."

மெஷின் திரும்பிப் போனது. அரிவாள் பிடிக்கத் தெரிந்த பெண்கள் மூன்று பேர்தான் கிடைத்தார்கள். அறுத்த கட்டுகளைத் தலையில் வைத்து, இடுப்பளவு வாய்க்காலில் இறங்கி அக்கரை சேர்த்தார்கள். பாதி வயல் அறுக்குமுன் மழை பிடித்துக்கொண்டது. நின்ற பயிர் சாய்ந்து, தண்ணீரில் கிடந்து முளைத்துவிட்டது.

அதன்பிறகு செல்லக்கனி என்னிடம் வந்தார். "அண்ணாச்சி, சட்டப்படி எனக்கு வழி கெடைக்காதா?"

"வரைபடத்துல பாதை இல்லம்மா. கேஸ் போடலாம். முடிய எத்தன வருசமாகும்னு சொல்ல முடியாது."

"நான்தான வேண்டாம்னு சொன்னேன், என்ன?" என்றார்.

இந்தப் போகம் உளுந்து விதைத்திருக்கிறார். அதை மெஷின் இல்லாமல் பிடுங்கித் தலையில் சுமந்துவிடலாம். முளைப்பு நன்றாக இருக்கிறது. லிங்கராஜ் தன் மதிலின் மற்ற பக்கங்களையெல்லாம் பூசி வெள்ளையடித்துவிட்டார். செல்லக்கனியின் வயலைப் பார்த்த பக்கம் மட்டும் வெறும் செங்கலாக நிற்கிறது. கொத்தனார் கேட்டதற்கு, "அத எதுக்குப் பூசிக்கிட்டு? எப்படியும் இடிக்கத்தான போறோம்" என்றாராம்.