டீசல் இன்ஜின் வண்டிகளும் என் காற்று மீட்டரும்

டயர் கடையில் வேலை பார்ப்பவர்கள் காரின் முகத்தைப் பார்ப்பதில்லை. குனிந்து அதன் காலைத்தான் பார்ப்போம்.

தொண்ணூறுகளில் ராஜா அண்ணாமலைபுரத்தில் ஒரு டயர் கடையில் நான் வேலை பார்த்தேன். பெட்ரோல் விலைக்குப் பயந்து, ஊரில் பாதிப் பேர் தங்கள் பழைய அம்பாசிடருக்கும் ஃபியட்டுக்கும் டீசல் இன்ஜின் மாற்றிக்கொண்டிருந்த காலம் அது. ஈக்காட்டுத்தாங்கல் பக்கம் ஒரு பட்டறையில் வண்டியை விட்டால் போதும், பெட்ரோல் இன்ஜினைக் கழற்றி வைத்துவிட்டு, அதைவிடக் கனமான டீசல் இன்ஜினை உள்ளே இறக்கிக் கொடுத்துவிடுவார்கள். இந்த ஏற்பாட்டைப் பற்றி முன் டயர்களிடம் மட்டும் யாரும் கேட்கவில்லை. எட்டே மாதத்தில் அவை மொட்டையாகிவிடும். பெட்ரோல் பங்க்கில் மிச்சம் பிடித்ததை எங்கள் கடையில் கொடுத்துவிட்டு, திட்டையும் எங்களுக்கே கொடுத்துவிட்டுப் போவார்கள். நீங்களும் அப்படி ஒரு வண்டி வைத்திருந்தாலோ, அப்படிப்பட்ட வண்டியின் பின் சீட்டில் பல் கிடுகிடுக்கப் போயிருந்தாலோ, நாம் எல்லாரும் ஒரே கட்சி.

ஆட்டோமொபைல் டிப்ளமா படித்த என்னை முதலாளி கரீம் பாய் எடுத்தது பில் எழுதத்தான். சேர்ந்த முதல் வாரமே நான் வெளியே வந்து, காற்று மீட்டரை என்னிடம் கொடுங்கள், எந்த டயர் எந்த வண்டிக்கு என்று நான் சொல்கிறேன் என்றேன். பாய் தாடியைத் தடவிக்கொண்டு யோசித்தார். ஒரு வருஷம் பார்ப்போம், கஸ்டமர் ஓடிப் போனால் நீயும் உள்ளே போய் பில் புக்கோடு உட்கார்ந்துவிட வேண்டும் என்றார். சரி என்றேன். கம்ப்ரசருக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு மர நாற்காலி போட்டார்கள். அந்த நாற்காலியை விடுவதில்லை என்று அன்றைக்கே முடிவு செய்துகொண்டேன்.

ஆம்பளை யாரும் இல்லையா

முதலில் வந்து மாட்டியவர் அசோக் நகர் பேங்க் ஆபீஸர். டீசல் இன்ஜின் மாற்றிய ஃபியட். முன் டயர் இரண்டிலும் நடுவில் பட்டன், அதாவது ரோட்டைப் பிடிக்கிற ரப்பர் மேடு, அப்படியே இருந்தது, இரண்டு ஓரமும் வழுவழுவென்று தேய்ந்திருந்தது. காற்றுக் குறைவாக ஓட்டினால் இப்படித்தான் ஆகும். சொன்னேன். அவர் என்னைத் தாண்டி கடைக்குள் எட்டிப் பார்த்து, ஆம்பளை யாரும் இல்லையா என்றார்.

எங்கள் ஃபிட்டர் தேவராஜைக் கூப்பிட்டேன். இருபது வருஷமாக டயர் கழற்றி மாட்டுகிற கை. அவர் வந்து டயரைப் பார்த்தார், பிறகு என் பக்கம் திரும்பி, "இன்னா மேடம், எவ்ளோ வைக்கறது?" என்றார். முன்னால் முப்பது, பின்னால் இருபத்தாறு என்றேன். ஆபீஸருக்குக் கோபம் வந்துவிட்டது. அவர் அப்பா காலத்திலிருந்து நான்கு டயருக்கும் இருபத்து நாலுதானாம். "அப்பா காலத்துல இந்த இன்ஜின் இல்லையே சார். மூக்குல கனம் ஏத்தியாச்சு, காத்து மட்டும் ஏறக் கூடாதா?" என்று கேட்டேன். தேவராஜ் நான் சொன்னபடியே அடித்தார். நான் மீட்டரை வைத்துப் பார்த்து, முப்பது என்றேன். ஆபீஸர் தேவராஜைப் பார்த்துச் சொன்னார்: "எதுக்கும் நீங்க ஒரு தடவை படிச்சுச் சொல்லிடுங்க. நம்பர் மாறினாலும் மாறும்."

பூஜை போட்ட ஸ்டெப்னி

மயிலாப்பூர் மாட வீதியிலிருந்து ஒரு ரிட்டயர்டு கணக்கு புரொபசர் வருவார். கோவிலுக்கும் சபாவுக்கும் தவிர வண்டியை வெளியே எடுக்காதவர். அவர் வண்டியில் முன் டயர் ஒன்று போய்விட்டது. புதுசு வேண்டாம், டிக்கியில் ஸ்டெப்னி இருக்கிறது, அதை மாட்டினால் போதும் என்றார். திறந்து பார்த்தால் ஸ்டெப்னியைப் பழைய வேஷ்டியில் சுற்றி வைத்திருந்தார். பிரித்தோம். வரிசையாகப் பதினோரு ஆயுத பூஜையின் சந்தனமும் குங்குமமும் ஒன்றன்மேல் ஒன்றாகக் காய்ந்து கிடந்தன. ஒரு பட்டன்கூடத் தேயவில்லை.

பக்கவாட்டில் கட்டை விரலை வைத்து அமுக்கினேன். சந்தனத்துக்கு அடியில் ரப்பர் முழுக்க விரிசல், கோடை காலத்துக் குதிகால் மாதிரி. இதை மாட்ட முடியாது சார் என்றேன். "பட்டன் அப்படியே இருக்கேம்மா. ஒரு நாள்கூட ரோட்டைப் பார்த்ததில்லை" என்றார். ஓடினாலும் ஓடாவிட்டாலும் ரப்பருக்கு வயசாகும், டிக்கியில் சும்மா கிடந்தாலும் இற்றுப் போகும் என்று விளக்கினேன். அவர் வேஷ்டியை எடுத்து அந்த டயரை மறுபடி மூடினார். ஒன்றும் பண்ணாமல் உட்கார்ந்திருந்தாலும் வீணாய்ப் போகுமா என்று மெதுவாகக் கேட்டார். எனக்கே சங்கடமாகிவிட்டது. பின் சீட்டிலிருந்து அவர் மனைவி தலையை நீட்டினார்: "நீங்க ரிட்டயர் ஆன நாள்லேர்ந்து இதைத்தானே நானும் சொல்லிண்டிருக்கேன்."

ஒரு கால் ரேடியல், ஒரு கால் நைலான்

தி.நகர் ஜவுளிக் கடைக்காரர் ஒருவருக்கு முன் டயர் இரண்டும் மாற்ற வேண்டியிருந்தது. அப்போது ரேடியல் டயர் பரவலாக வரத் தொடங்கியிருந்த நேரம். பழைய நைலான் டயரைவிட விலை கூடுதல். அவர் நன்றாக யோசித்துவிட்டுத்தான் வந்திருந்தார். ஸ்டியரிங் பக்கம் ரேடியல், ஏனென்றால் அங்கே அவர் உட்காருகிறார். அடுத்த பக்கம் நைலான், ஏனென்றால் அங்கே மச்சினன் உட்காருகிறான்.

இரண்டும் தரையைப் பிடிக்கிற விதம் வேறு, பிரேக் போட்டால் வண்டி ஒரு பக்கம் இழுக்கும், இழுத்தால் மச்சினனோடு நீங்களும்தான் போவீர்கள் என்றேன். இரண்டுமே நைலானாகப் போடுங்கள், செலவும் குறையும் என்று என் வியாபாரத்தையே நான் குறைத்தும் பார்த்தேன். கேட்கவில்லை. கடைசியில், "உங்க கடையில ஜாக்கெட்டுக்கு ஒரு கை பட்டு, ஒரு கை பருத்தின்னு தைப்பீங்களா?" என்றேன். அதற்கு மேல் பேச அவருக்கு வாய் வராது என்று நினைத்தேன். நான் விற்க மாட்டேன் என்றதும் வண்டியை எடுத்துக்கொண்டு வேறு கடைக்குப் போய்விட்டார். போகிற வண்டியைப் பாய் வாசல் வரை வந்து பார்த்துவிட்டு, என்னையும் ஒரு பார்வை பார்த்தார். ஆனால் ஜவுளிக் கடைக்காரர் கிளம்பும் முன் நிதானமாக எனக்குப் பதில் சொல்லிவிட்டுத்தான் போனார்: "கஸ்டமர் கேட்டா தைப்போம்மா."

அடுப்பில் பாதி, ரோட்டில் பாதி

அடையாறிலிருந்து வந்த ஒரு பெரிய மனிதரின் வண்டியில் பின் டயர் இரண்டும் மட்டும் தேய்ந்திருந்தன. டிக்கியில் கனமாக என்ன வைத்திருக்கிறீர்கள் என்றேன். ஒன்றுமில்லை என்றார். தேவராஜ் காற்றை முகர்ந்து பார்த்துவிட்டு நாலடி தள்ளி நின்றுகொண்டார். திறக்கச் சொன்னேன். உள்ளே சமையல் கேஸ் சிலிண்டர், ரப்பர் குழாயோடு. பெட்ரோலிலும் ஓடும், கேஸிலும் ஓடும், பிடித்தால் எரியவும் செய்யும். அதை இறக்கித் தெருவுக்கு அந்தப் பக்கம் வைக்காமல் ஜாக்கியைத் தொட விட மாட்டேன் என்றேன். வண்டியில் மனைவியும் மூன்று குழந்தைகளும் பசியோடு உட்கார்ந்திருந்தார்கள். எங்கே கிளம்பினீர்கள் என்று கேட்டதற்கு அவர் கொஞ்சமும் கூச்சப்படாமல் சொன்னார்: "சிலிண்டர் வண்டியில இருக்குறதால வீட்ல சமையல் இல்லம்மா, அதான் ஹோட்டலுக்குப் போறோம்."

எட்டு டயர்

பாய் சொன்ன ஒரு வருஷம் முடிய இரண்டு மாதம் இருந்தது. எங்கள் கடையிலேயே பெரிய வாடிக்கை தனசேகர். டிராவல்ஸ் வைத்திருந்தார். நான்கு அம்பாசிடர், நான்கும் டீசல் மாற்றியவை. ஒரு கல்யாண கோஷ்டியைத் திருப்பதிக்கு ஏற்றிப் போக வேண்டும் என்று நான்கையும் ஒன்றாகக் கொண்டுவந்து நிறுத்தினார். முன் டயர் எட்டிலும் ரப்பர் தேய்ந்து உள்ளே இருக்கிற நூல் தெரிந்தது. அவரே ஒரு வேனில் எட்டு டயர் கொண்டுவந்திருந்தார். மாட்டிக் கொடுத்தால் போதும், கூலி எவ்வளவு வேண்டுமானாலும் வாங்கிக்கொள்ளுங்கள் என்றார்.

பார்க்கப் பளபளவென்று இருந்தன. ஒன்றை உருட்டிப் பார்த்தேன். பட்டன்களுக்கு நடுவே ஓடுகிற காடியில் நகத்தை விட்டுக் கீறியதும் கறுப்பு பாலீஷ் உரிந்து வந்தது. அடியில் வெள்ளையாக நூல். மொட்டை டயரைச் சூடான கத்தியால் கீறிக் காடி வெட்டி, பாலீஷ் அடித்த சரக்கு. இருக்கிற கொஞ்ச ரப்பரையும் செதுக்கி எடுத்துவிட்டு அதற்குப் புதுசு என்று பெயர். நான்கு டிரைவர்களும் பக்கத்திலேயே நின்றுகொண்டிருந்தார்கள். அவர்களுக்குத் தெரியும்படி அந்த நூலைக் கிள்ளி இழுத்துக் காட்டினேன். கனமான முன்பக்கம், நிறைய ஆட்கள், மலைப் பாதை. இதை என் கடையில் மாட்ட மாட்டேன் என்றேன். உன் கடையா என்று தனசேகர் கேட்டார். பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டு, நம்ம டயர் இல்லையே கஸ்தூரிம்மா, மாட்டுற கூலி மட்டும்தானே நம்முடையது என்று கெஞ்சினார். மாட்டுகிற கை நம்முடையதுதானே பாய் என்றேன். தேவராஜ் கையிலிருந்த லீவரைச் சத்தம் வராமல் கீழே வைத்தார்.

நான்கு வண்டியும் வரிசையாகக் கிளம்பிப் போயின. என் கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது, துக்கத்தில் அல்ல, ஆத்திரத்தில். அதைப் பாய் பார்த்துவிடக் கூடாது என்று குனிந்து கம்ப்ரசர் வால்வைத் திருகிக்கொண்டிருந்தேன். அவர் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னார்: "மீட்டரை ஆணியில மாட்டிட்டு உள்ள போய் பில் போடும்மா."

ஆணியில் தொங்கிய மீட்டர்

மூன்று நாள் பில் போட்டேன். நாற்காலியில் யாரோ பழைய ட்யூப்களைக் குவித்து வைத்திருந்தார்கள். தேவராஜ் காற்று அடிப்பார், நான் தலை நிமிர மாட்டேன். கேட்டால் மட்டும்தானே சொல்ல வேண்டும்? யாரும் கேட்கவில்லை.

நான்காம் நாள் காலையில் அந்த நான்கு அம்பாசிடரும் வந்து நின்றன. தனசேகர் இல்லை, டிரைவர்கள் மட்டும். அவர்களில் மூத்தவர் ஏழுமலை நேராக பில் மேசைக்கு முன்னால் வந்தார். "வண்டி வாசல்ல கீது மேடம். வந்து பாரு" என்றார். பார்க்கிற வேலை எனக்கு இல்லை, பில் மட்டும்தான் என்றேன். அவர் நகராமல் நடந்ததைச் சொன்னார். கத்தியால் கீறிய டயரை வேறு எங்கோ மாட்டிக்கொண்டு வந்து தனசேகர் சாவியை நீட்டியிருக்கிறார். நான்கு பேரும் கையை நீட்டவில்லை. முதல் நாள் கத்தினார், இரண்டாம் நாள் வேறு டிரைவர் தேடினார், மூன்றாம் நாள் கல்யாண வீட்டிலிருந்து ஆள் வந்து உட்கார்ந்துகொண்டான். கடைசியில் நல்ல டயரே போட்டுத் தொலையுங்கள் என்று சொல்லிவிட்டாராம்.

ஏழுமலை இதைப் பாயின் காதில் விழும்படியே சொன்னார். "முன்னாடி குந்திகினு போறவன் நானு. அந்த நூலை நானும் பாத்தேன் நைனா. இந்தம்மா கைய வெச்சாத்தான் மலைக்கு வண்டிய எடுப்போம்னு சொல்லிட்டு வந்துகீறோம்."

எட்டுப் புது டயர் வியாபாரம் வாசலில் நிற்கிறது. பாய் என்னைப் பார்த்தார். நான் பில் புக்கைப் பார்த்தேன். கஸ்தூரிம்மா என்றார். "நான் பில் போடற வேலையில இருக்கேன் பாய்" என்றேன். இதைச் சொல்வதற்காகவே மூன்று நாள் பொறுமையாக பில் போட்டேன் போலிருக்கிறது, அவ்வளவு சுகமாக இருந்தது.

பாய் போய் ஆணியிலிருந்து மீட்டரை எடுத்தார். சட்டையில் துடைத்து என் மேசைமேல் வைத்தார். நாற்காலியில் கிடந்த ட்யூப்களை அவரே அள்ளி மூலையில் போட்டுவிட்டு, அதைக் கம்ப்ரசருக்குப் பக்கத்தில் பழைய இடத்திலேயே இழுத்துப் போட்டார். ஏழுமலையும் தேவராஜும் சிரிப்பை அடக்கிக்கொண்டு வேறு எங்கோ பார்த்தார்கள். நான் மீட்டரை எடுத்துக்கொண்டு போய் நாற்காலியில் உட்கார்ந்தேன். முன்னால் முப்பத்திரண்டு, பின்னால் இருபத்தெட்டு என்று உட்கார்ந்த இடத்திலிருந்தே குரல் கொடுத்தேன். வேலை பாதி நடக்கும்போது பாய் என் பின்னால் வந்து நின்று, மற்றவர்களுக்குக் கேட்காதபடி சொன்னார்: "நாற்காலி இங்கேயே இருக்கட்டும்மா. ஆனா அந்த பில் புக்கையும் கையோட எடுத்துட்டு வந்துடு."

அதற்குப் பிறகு அந்தக் கடையில் இரண்டு ஆள் வேலையை நான் ஒருத்தியே பார்த்தேன். ஜெயித்தால் இப்படித்தான் ஆகும் என்று எனக்கு யாரும் முன்கூட்டிச் சொல்லவில்லை.