படிக்காமல் எழுதிய பதில்

புதுச்சேரி டவுன் பஸ் நேரங்களைச் சொல்லும் இலவசச் செயலி ஒன்றை நண்பர்களோடு நடத்துகிறேன். அதன் நிரலை யார் வேண்டுமானாலும் திருத்தி அனுப்பலாம். சேர்ப்பதா வேண்டாமா என்று முடிவு செய்வது நான்.

ஒருநாள் பர்வீன் என்ற புதியவர், தேவையற்ற வரிகளை நீக்கிச் சுத்தம் செய்து அனுப்பியிருந்தார். நீக்கியதில் பாதி, நான் முதன்முதலில் எழுதியவை. சுருக்கென்றது. அந்த மாற்றத்தோடு செயலியை ஓட்டிக்கூடப் பார்க்காமல், “அடுத்தவர் எழுதியதை அழிக்கும் முன் படிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்” என்று எல்லோரும் பார்க்கும் இடத்தில் எழுதி நிராகரித்தேன்.

சில மாதம் கழித்து, தட்டாஞ்சாவடியில் எங்கள் குழுவின் கூட்டம். “புதுசா யாருமே வரமாட்டேன்றாங்க” என்று மைக்கில் அலுத்துக்கொண்டேன். பின்வரிசையில் ஒரு பெண் எழுந்தார்.

“நான் பர்வீன், சார். நீங்க சொன்னதுலேர்ந்து அந்த நிரலத்தான் திரும்பத் திரும்பப் படிச்சிட்டிருக்கேன். அந்த வரிங்க எங்க வேலை செய்யுதுன்னு இன்னும் புரியல. காட்டுறீங்களா?”

குரலில் கிண்டலே இல்லை. மேடையிலிருந்த பெரிய திரையில் நிரலைத் திறந்து தேடினேன். அவை எங்குமே பயன்படவில்லை. எல்லார் முன்னாலும் நீக்கினேன். செயலி வழக்கம்போல ஓடியது.

“நீங்க பண்ணதுதாம்மா சரி. நான் பாக்காமயே எழுதிட்டேன்.”

அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். “அப்ப எனக்குப் படிக்கத் தெரியும்தானே, சார்?”

இத்தனை மாதமும் அந்தச் சந்தேகத்தோடு இருந்திருக்கிறார்.

என் பதிலை அழிப்பது ஒரு நொடி வேலை. அழிக்கவில்லை. புதியவர் யாராவது எதையாவது அனுப்பினால், முதலில் என்னுடைய அந்தப் பழைய பதிலைப் போய்ப் படித்துவிட்டு வருகிறேன்.