துணியால் மூடிய பெட்டி

ஜேர்மனியில், கெல்சென்கிர்ச்சன் நகரில் எங்கள் தெருவில் அடுத்தடுத்து வீடுகளை உடைத்துக் களவெடுத்தார்கள். அதற்குப் பிறகு பொலிஸ் வாகனம் பகலிலேயே பலதரம் ஊர்ந்து போகத் தொடங்கியது. முதலில் நிம்மதியாகத்தான் இருந்தது. போகப்போக, அவர்கள் யாரைத் தேடுகிறார்கள் என்று நானும் தேடத் தொடங்கினேன்.

எங்கள் கட்டடத்தின் மேல்மாடிக்குப் புதிதாக ஒருவர் குடிவந்திருந்தார். ஐம்பது வயதிருக்கும். தனியாள். நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரத்தில், துணியால் மூடிய பெட்டியொன்றோடு நிலக்கீழ் அறைக்கு இறங்குவார். என்னைக் கண்டால் பெட்டியை மற்றப் பக்கம் மாற்றிப் பிடிப்பார்.

"களவெடுத்த சாமானோ தெரியாது," என்றேன் கணவரிடம்.

"சும்மா இரும். எங்களையும் ஒரு காலத்தில இப்பிடித்தானே பாத்தவை."

பார்த்தவர்கள்தான். அகதி முகாமில் இருந்த நாட்களில், கடையில் அத்தனை பேர் நிற்க என்னுடைய பையை மட்டும் திறக்கச் சொல்லியிருக்கிறார்கள். அந்த வெட்கம் இன்னும் போகவில்லை. ஆனாலும் பொலிஸ்காரர் இருவர் வீடு வீடாக வந்து, "சந்தேகப்படும்படி ஏதாவது கண்டீர்களா?" என்று கேட்டபோது, எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன்.

மேல்மாடிக்காரர் வேலை முடிந்து வந்ததும், அவர்கள் அவரைக் கீழே கூட்டிக்கொண்டு போனார்கள். நான் படியில் நின்று எட்டிப் பார்த்தேன். அவரே துணியை விலக்கினார். உள்ளே ஒரு புறா. ஒரு சிறகில் கட்டுப் போட்டிருந்தது.

"யன்னலில் மோதி விழுந்தது," என்றார். "நான் வேலைக்குப் போனபின் மேலே சத்தம் போட்டால் யாராவது முறைப்பாடு கொடுப்பார்கள். அதுதான் பகலில் இங்கே வைக்கிறேன்."

பொலிஸ்காரர் சிரித்துவிட்டுப் போனார்கள். நான் சத்தமில்லாமல் உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

வீடுகளை உடைத்தது யாரென்று கடைசிவரை தெரியவில்லை. சில நாள் கழித்துப் படியில் அவர் என்னை மறித்தார்.

"அன்றைக்குப் பொலிஸ் உங்களிடமும் வந்து கேட்டதா?"

"இல்லை," என்றேன்.

தலையாட்டிவிட்டு மேலே ஏறினார். நம்பினாரோ தெரியாது. இப்போதெல்லாம் காலையில் கதவைத் திறக்க முதல் காதுகொடுத்துக் கேட்கிறேன். மேல்படியில் யாரோ அசையாமல் நிற்பதுபோலவே இருக்கிறது.