மருமகள் வீட்டு ரத்தம்

போன வெள்ளிக்கிழமை மத்தியானம் என் வீட்டுக்கார அம்மாள் மாடிப்படியில் நின்று குரல் கொடுத்தாள்.

"அண்ணாச்சி, பாண்டி பஜார் முனையில ஒரு ஜட்கா பேசிக் கூட்டிட்டு வாங்க. எழும்பூருக்கு. காந்திமதி ஊருக்குப் போறா."

ஊருக்குப் போவது ஒரு விஷயமா? எல்லோரும்தான் போகிறார்கள். ஆனால் இது திரும்பி வராத பயணம் என்று எனக்குத் தெரியும். அதற்கு வண்டி பிடித்துக் கொடுக்கிறவன் நானா?

நாங்கள் குடியிருப்பது மாம்பலத்தில், சிவகாமியம்மாள் வீட்டின் கீழ்ப் போர்ஷனில். அவர்கள் திருநெல்வேலிக்காரர்கள். மகன் நெல்லையப்பன் பஜாரில் ஜவுளிக்கடை வைத்திருக்கிறார். அவர் மனைவிதான் காந்திமதி. அந்நியப் பெண் இல்லை. சிவகாமியம்மாளின் கூடப் பிறந்த அண்ணன் மகள். மூன்று வயதில் ஒரு பெண் குழந்தை, கோமதி.

யுத்த காலத்தில் அபாயச் சங்கு ஊதிப் பார்ப்பார்களே, ஞாபகம் இருக்கிறதா? ஒரு நாள் ஊதியபோது தெருவே அலறிப் புடைத்துக் கொண்டு ஓடியது. நான் எங்கே ஒளிந்தேன் என்பதை இங்கே எழுதப் போவதில்லை. தொட்டிலில் கிடந்த கோமதி மட்டும் கண்ணைத் திறக்கவில்லை. "என்ன நெஞ்சுறுதி பாருங்க என் பேத்திக்கு!" என்று சிவகாமியம்மாள் எல்லோரிடமும் சொல்லிச் சொல்லிப் பூரித்தாள்.

நெஞ்சுறுதி இல்லை. காது கேட்கவில்லை.

டாக்டர்கள் பார்த்தார்கள். பிறவியிலேயே அப்படித்தான், பேச்சும் வராது என்று சொல்லி விட்டார்கள். அன்றிலிருந்து அந்த வீட்டில் இரண்டு விதமான ஜாடை. குழந்தை கையால் காட்டுகிற ஜாடை ஒன்று. மாமியார் வாயால் பேசுகிற ஜாடை இன்னொன்று. "சில வீட்டு ரத்தம் அப்படி..." என்று அரிசி புடைத்துக் கொண்டே சொல்வாள். மருமகள் கேட்டுக் கொண்டே தண்ணீர் இறைப்பாள்.

நாமெல்லோரும் இப்படித்தானே? குழந்தைக்கு மூக்கு எடுப்பாக இருந்தால் அப்பா வீட்டு மூக்கு. கணக்கில் கெட்டி என்றால் தாத்தா மூளை. ஏதாவது ஒன்று குறைந்தால் மட்டும், அது வந்தவள் கொண்டு வந்தது!

நெல்லையப்பனுக்கு வேறு பெண்ணும் பேசியாகி விட்டது. பெண் யார் தெரியுமா? சிவகாமியம்மாளின் தம்பி மகள். சொந்தம் விட்டுப் போகக் கூடாதாம்.

இதில் நான் தலையிட்டிருக்கவே மாட்டேன். நான் நாலாம் பாரத்தோடு பள்ளிக்கூடத்தை விட்டவன். போதாக்குறைக்கு, இன்றைக்குப் பட்டணத்தில் வாடகைக்கு வீடு கிடைக்கிற லட்சணம் உங்களுக்கே தெரியும். வீட்டுக்கார அம்மாளை எதிர்த்துப் பேசிவிட்டுப் பெண்டாட்டி பிள்ளைகளோடு பனகல் பார்க் பெஞ்சில் போய் உட்காரவா?

ஆனால் அதற்கு முந்தின ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்து விட்டேன். மயிலாப்பூர் வாசகசாலையில் ஒரு காலேஜ் லெக்சரர் தமிழில் ஸயன்ஸ் பேசுகிறார் என்று கேள்விப்பட்டுப் போய் உட்கார்ந்து விட்டேன்.

அவர் பட்டாணிச் செடியைப் பற்றிப் பேசினார். நெட்டைச் செடியையும் குட்டைச் செடியையும் சேர்த்தால் பிறப்பதெல்லாம் நெட்டைதானாம். அப்படியானால் குட்டை எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, ஒளிந்து கொண்டிருக்கிறது என்றார். அந்த நெட்டைகளையே தங்களுக்குள் சேர்த்தால் நாலில் ஒன்று குட்டையாக வந்து நிற்குமாம். ஒவ்வொரு குணத்துக்கும் அப்பாவிடமிருந்து ஒரு வித்து, அம்மாவிடமிருந்து ஒரு வித்து. நெட்டையைப் போன்ற ஓங்கு குணத்துக்கு ஒரு வித்து இருந்தாலே போதும், அது வெளியே தெரிந்துவிடும். குட்டையைப் போன்ற ஒடுங்கு குணம் அப்படியில்லை. இரண்டு வித்தும் அதுவாக இருந்தால்தான் தலைகாட்டும். அதுவரை தலைமுறை தலைமுறையாகச் சத்தம் போடாமல் கிடக்கும்.

கூட்டம் கலைந்த பிறகு அவரிடம் போய்க் கேட்டேன். "ஸார், காது கேளாமை கூட இந்த ஒடுங்கு குணத்தில் சேர்த்தியா?"

"ஜுரத்தாலும் வரலாம். பிறவியிலேயே என்றால், பல குடும்பங்களில் இப்படித்தான் வருகிறது. சொந்தத்தில் கல்யாணம் செய்தவர்களா?"

"அத்தை மகன், மாமன் மகள்."

"அந்தக் கல்யாணங்களில் பெரும்பாலும் குழந்தைகள் நன்றாகவே பிறக்கின்றன. பயப்படாதீர்கள். ஆனால் ஒளிந்திருக்கிற வித்து ஒரே பாட்டன் பாட்டியிடமிருந்து இரண்டு பக்கமும் இறங்கியிருந்தால், மறுபடி சந்தித்துக் கொள்ளும்."

பயப்படாதீர்கள் என்று என்னிடம் சொல்கிறார்! அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமைக்கு வருகிறேன். ஜட்காவைக் கொண்டு வந்து நிறுத்தினேன். காந்திமதி டிரங்குப் பெட்டியோடும் குழந்தையோடும் கீழே இறங்கி வந்தாள். பின்னால் சிவகாமியம்மாள். நெல்லையப்பன் கடையிலிருந்து வந்து தூணோரம் நின்றார், தரையைப் பார்த்துக் கொண்டு.

"அம்மா, ஒரு வார்த்தை..." என்றேன். என் குரல் எனக்கே கேட்கவில்லை. எப்படியோ ஆரம்பித்து, பட்டாணிக் கதையைச் சொன்னேன்.

"நல்லா இருக்கே! மனுசப் பிள்ளையைப் பத்திப் பேசுதப்போ சுண்டலைப் பத்திச் சொல்லுதிய!"

"இல்லை அம்மா. குழந்தைக்கு இது வர வேண்டுமென்றால் இரண்டு பேரிடமும் அந்த வித்து இருந்தாக வேண்டும். காந்திமதியிடம் மட்டும் இருந்தால் வராது. உங்கள் பிள்ளையிடமும் இருக்கிறது. இப்போது பேசியிருக்கிற உங்கள் தம்பி மகளிடமும் இருக்கலாம்."

சிவகாமியம்மாள் என்னை முறைத்தாள். அப்போது காந்திமதி பேசினாள். அவள் குரலை நான் அதிகம் கேட்டதே இல்லை.

"அத்தே, எங்க வீட்டு ரத்தம் எங்க வீட்டு ரத்தம்னு சொல்லுதியளே. எங்க அப்பா உங்க கூடப் பிறந்தவருதானே? உங்க ரெண்டு பேருக்கும் அது எங்க இருந்து வந்துச்சு?"

ஜெயித்து விட்டோம் என்று நினைத்தேன். மடையன்!

சிவகாமியம்மாள் நிதானமாகச் சொன்னாள்: "அப்போ சொந்தத்துல கட்டினதுதான் தப்பு. ரொம்ப சரி. தம்பி மகள் வேண்டாம். அசல்ல நல்ல பொண்ணாப் பார்ப்போம். தக்க சமயத்துல சொன்னிய அண்ணாச்சி!"

காந்திமதியைக் காப்பாற்ற வாயைத் திறந்து, அவளுக்குப் போடுகிற தாழ்ப்பாளை நானே நன்றாக இறுக்கி விட்டேன். இதில் பெரிய கொடுமை எது தெரியுமா? அந்த அம்மாள் சொன்னது தப்பில்லை. அசல் பெண்ணைக் கட்டினால் பெரும்பாலும் காது கேட்கிற குழந்தைதான் பிறக்கும். லெக்சரர் அங்கே இருந்தால் அவரும் அதைத்தான் சொல்லியிருப்பார். எது எப்படி வந்தது என்று மட்டும்தான் ஸயன்ஸ் சொல்கிறது. யாரை வண்டியில் ஏற்றுவது, யாரை இறக்குவது என்று அது சொல்வதில்லை.

"போயிட்டு வாறேன் அண்ணாச்சி," என்றாள் காந்திமதி. "எங்களால உங்களுக்கு எதுக்குச் சங்கடம்?"

வாசலில் ஜட்காக்காரன் சாட்டையைத் தட்டினான். "இன்னா சாமி, எம்மா நேரம் நிக்கிறது? குதிர மெரளுது. சவாரி கீதா இல்லியா?"

"இல்லை," என்றது ஒரு குரல்.

நெல்லையப்பன். தூணை விட்டு முன்னால் வந்திருந்தார்.

"அம்மா, இவளை அனுப்பினா அந்த வித்துல பாதியைத்தான் அனுப்புதோம். மீதிப் பாதி தினம் காலையில கடையைத் திறந்து கல்லாவுல உக்காந்திருக்கே. அதை எந்த வண்டியில ஏத்துவிய?"

"ஏலே, வாயை மூடு."

"அனுப்புததா இருந்தா எங்க மூணு பேரையும் சேர்த்து அனுப்புங்க."

சொல்லி விட்டு டிரங்குப் பெட்டியைத் தூக்கிக் கொண்டு படியேறினார். காந்திமதிக்கு என்ன செய்வதென்று தெரியவில்லை. கோமதிக்குத் தெரிந்தது. அப்பா வேட்டியைப் பிடித்துக் கொண்டு அவளும் ஏறினாள்.

வண்டிக்காரனிடம் திட்டு வாங்கிக் கொண்டவன் நான்தான்.

வேறு பெண் பேச்சு நின்றதா? சொல்லத் தெரியவில்லை. "ஆடி கழியட்டும்" என்கிறாளாம் சிவகாமியம்மாள். எத்தனை ஆடி என்று கேட்க எனக்குத் துணிச்சல் இல்லை.

ஆனால் மறுநாள் கிணற்றடியில் சிவகாமியம்மாள் தானாகவே என் மனைவியிடம் பேச்செடுத்தாளாம். தனக்கும் தன் அண்ணனுக்கும் நடுவில் ஒரு பையன் இருந்தானாம். காது கேட்காது, பேச்சும் கிடையாது. சின்ன வயதிலேயே அம்மை போட்டுப் போய் விட்டான். பெண்ணுக்கு வரன் வராது என்று வீட்டில் அவனைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. இந்த வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டு வந்த பிறகு, அவளும் புருஷனிடம்கூடச் சொன்னதில்லை.

"பையன் பேரென்ன?" என்று கேட்டிருக்கிறாள் என் மனைவி.

சிவகாமியம்மாள் நெடுநேரம் யோசித்தாளாம். ஞாபகம் வரவில்லை. கூப்பிட்டால் திரும்பிப் பார்க்காத பிள்ளையை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. பெயரே மறந்து போயிற்று. அதைச் சொல்லி விட்டு வாளியைக் கிணற்றுக்குள் விட்டவள், இழுக்காமல் நின்று கொண்டே இருந்தாளாம்.

இந்த வாரம் மாடியிலிருந்து அடிக்கடி ஒரு சத்தம் கேட்கிறது. "கோமதீ... ஏ கோமதீ..." என்று அந்த அம்மாள் வீடு அதிரக் கூப்பிடுகிறாள்.

குழந்தைக்குக் கேட்காது. தெருவுக்குக் கேட்கட்டுமே!