நாற்பத்தொரு மாத்திரைப் புட்டிகள்

எங்கள் விதை வங்கியில் கழுகுக்கண் அக்காவின் தட்டிலிருந்து ஒரு சொத்தை விதை தப்பித்துப் போனதாகச் சரித்திரமே இல்லை. பக்கத்து மேஜையில் உட்கார்ந்து உறைகளுக்கு எண் எழுதுபவள் நான். பதினெட்டு வருஷம் அவர் அருகிலேயே காலம் தள்ளியவள் சொல்கிறேன், நம்பலாம்.

பல நாட்டு விவசாயிகளின் வயல்களிலிருந்து எங்களுக்கு விதை வரும். அதைத் தட்டில் கொட்டி, கல், தூசி, சொத்தை, நிறம் மாறியது எல்லாவற்றையும் அக்கா பொறுக்கி எடுப்பார். மிஞ்சியது குளிர் அறைக்கு. பொறுக்கியது கழிவு அடுப்புக்கு. ஒரே ஒரு விதையை வெளியே கொண்டு போனாலும் வேலை போய்விடும் என்று வாசலிலேயே எழுதி வைத்திருக்கிறார்கள்.

அக்காவிடம் ஒரே ஒரு கெட்ட பழக்கம்தான். எதைப் பார்த்தாலும் "ஏன்?" என்று கேட்பார்.

"இந்த மலைப் பயறைப் பாத்தியாடி? எந்த விவசாயி குடுத்தாலும் ஒரு பிடி பழுப்புப் பயறுல மூணு நாலு வரி போட்ட பயறு இருக்கு. தெரியாம கலந்ததுன்னா எல்லார் மூட்டையிலயும் ஒரே அளவாவா கலக்கும்?"

"உனக்கு வேற வேலையே இல்லையாக்கா? பொறுக்கித் தள்ளு" என்பேன். எனக்கு எப்போதும் மதியச் சாப்பாட்டு ஞாபகம்.

அந்த மலை நாட்டிலிருந்து ஒருநாள் கடிதம் வந்தது. நாங்கள் திருப்பி அனுப்பிய அவர்களுடைய பயறை ஆராய்ச்சி நிலையத்தில் விதைத்தார்களாம். துரு நோய் வந்து ஒரு செடிகூட மிஞ்சவில்லையாம். அதே பயறு விவசாயிகளின் வயலில் அங்கங்கே தாக்குப்பிடித்து நிற்கிறதாம். 'நீங்கள் அனுப்பியது எங்கள் விதைதானா?' என்று கேட்டிருந்தார்கள்.

இயக்குநர் தாம்தூம் என்று குதித்தார். அவர் கோபத்துக்கும் காரணம் இருந்தது. அடுத்த மாதம் ஆறு நாட்டு அதிகாரிகள் கூடி ஒரு பொது விதியில் கையெழுத்துப் போடுவதாக இருந்தது. நாடு விட்டு நாடு போகும் விதை ஒரே நிறமாக, ஒரே அளவாக இருக்க வேண்டும் என்ற விதி. அதற்கு மாதிரியாகக் காட்ட அவர் எடுத்து வைத்திருந்ததே அக்கா பொறுக்கிச் சுத்தம் செய்து கொடுத்த பயறைத்தான்.

அன்று மதியம் அக்கா சோற்றில் கை வைக்கவில்லை.

"வீட்டுல இருக்குடி."

"எது?"

"பொறுக்கினது. அந்த வரிப்பயறுதான். ஏழு வருஷமா மலைப் பயறு மூட்டை ஒவ்வொண்ணுலயும் கொஞ்சம் எடுத்துட்டுப் போயிருக்கேன். என்னதான் முளைக்குதுன்னு பாக்கணும்போல இருந்துச்சு."

யார் காதிலாவது விழுந்ததா என்று திரும்பிப் பார்த்தேன். "வாயைத் திறக்காதக்கா. இன்னும் ரெண்டு வருஷத்துல ஓய்வு. எதுக்கு வம்பு?"

"நான் வாயை மூடிக்கிட்டா அந்த விதி வந்துடும். அப்புறம் ஆறு நாட்டுலயும் என்னை மாதிரி ஒருத்தி உக்காந்து பொறுக்கிக்கிட்டே இருப்பா."

மறுநாள் இயக்குநரின் மேஜைமேல் நாற்பத்தொரு புட்டிகளை அடுக்கினார். எல்லாம் அவர் கணவர் ரத்த அழுத்தத்துக்குச் சாப்பிட்டுத் தீர்த்த மாத்திரைப் புட்டிகள். ஒவ்வொன்றிலும் மூட்டையின் எண், தேதி, ஒரு பிடிக்கு எத்தனை என்ற கணக்கு.

"இது திருட்டு, தெரியுமா உங்களுக்கு?" என்றார் இயக்குநர்.

"தெரியும் சார். முதல்ல விதைச்சுப் பாருங்க, அப்புறம் திட்டுங்க."

திட்டிவிட்டுத்தான் விதைத்தார். கூட்டமும் தள்ளிப் போயிற்று. துரு நோயை வேண்டுமென்றே பரப்பிச் சோதிக்கும் கூடத்தில் பழுப்புப் பயறு மூன்றே வாரத்தில் கருகி விழுந்தது. வரிப்பயறின் இலைகளில் நாலு புள்ளி விழுந்ததோடு சரி, பூத்துவிட்டது. தினமும் போய் எட்டிப் பார்த்தவள் நான்தான், வெட்கமில்லாமல் சொல்கிறேன். கடைசியில் ஆறு நாடுகளும் கையெழுத்துப் போட்டது வேறொரு விதியில். நிறம் மாறிய விதையை நீக்கக் கூடாது. எண்ணி எழுதி, விவசாயி கொடுத்தபடியே வைக்க வேண்டும்.

ஒரே நாளில் அக்காவுக்கு இரண்டு உறைகள் வந்தன. ஒன்றில் விதையை வீட்டுக்குக் கொண்டு போனதற்குக் கடுமையான எச்சரிக்கை. இன்னொன்றில் ஆறு நாட்டுப் பணியாளர்களுக்கும் பயிற்சி கொடுக்கும்படி உத்தரவு. இரண்டுக்கும் எண் போட்டவள் நான். சிரிப்பை அடக்க முடியவில்லை.

பயிற்சியின் முதல் நாள், தன் பழைய வேலையின் மாதிரித் தட்டைத்தான் அக்கா முன்னால் வைத்தார். ஒரே பழுப்பு, கண்ணைப் பறித்தது. வந்திருந்தவர்கள் எவ்வளவு சுத்தம் என்று வியந்தார்கள்.

"இதுதான் தப்பு. புட்டி ஏழு வருஷத்துக்குத்தான் இருக்கு. அதுக்கு முன்னாடி பதினோரு வருஷம் பொறுக்கினதை என் கையாலயே அடுப்புல போட்டேன்" என்றார் அக்கா.

"அதுல என்னென்ன இருந்துச்சு?" என்று ஒருவர் கேட்டார்.

அக்கா தட்டை ஓரமாகத் தள்ளி வைத்தார்.

"அதைத்தாங்க நானும் தெரிஞ்சுக்கணும்னு தவிக்கிறேன். இனிமே யாராலயும் முடியாது."