போகும் முன்பே திரும்பி வந்த திருமலை

காசிமேட்டுப் பக்கம், எங்கள் கல்மண்டபம் ரோட்டில் பேனருக்கு என்றைக்கும் பஞ்சமில்லை. காதுகுத்து, பிறந்தநாள், கண்ணீர் அஞ்சலி என்று தூணுக்குத் தூண் யாராவது சிரித்துக்கொண்டு நிற்பார்கள். எனவே திருமலை அண்ணன் கூலிங் கிளாஸோடு அங்கே நின்றது எனக்கு ஆச்சரியமாக இல்லை. வாசகத்தைத்தான் நின்று இரண்டு முறை படித்தேன். 'கன்னியாகுமரி வரை சைக்கிள் மிதித்து வெற்றியோடு திரும்பிய கடல் சிங்கமே, வருக வருக!'

நாங்கள் அப்போது இன்னும் கிளம்பவே இல்லை. மறுநாள் விடியற்காலைதான் பயணம்.

பேனர் வைத்தது அண்ணனின் தோஸ்து ரஹீம். கேட்டதற்கு, "ஆம்பூர்ல மச்சானுக்குக் கல்யாணம். நீங்க திரும்பறப்ப நான் ஊர்ல இருக்க மாட்டேன். அதான் இப்பவே கட்டிட்டேன். வரத்தானே போறாரு?" என்றார்.

திருமலை அண்ணன் காசிமேட்டில் விசைப்படகு ஓட்டுகிறவர். ஐம்பதைத் தாண்டியவர். மீன்பிடித் தடைக்காலம் வந்தால் படகு இரண்டு மாதம் கரையில் கிடக்கும், அண்ணன் வீட்டில் கிடப்பார். நன்றாக ஓடிக்கொண்டிருந்த மிக்ஸியைப் பிரித்துப் போடுவார். மீன் விற்றுவிட்டு அலுத்து வரும் அவர் மனைவி நீலா அக்காவுக்கு வியாபாரம் சொல்லிக்கொடுப்பார். எங்கள் தெருப் பையன் அறிவு பக்கத்து ஆட்களைச் சேர்த்துக் கன்னியாகுமரிக்குச் சைக்கிளில் போகிறான் என்று கேள்விப்பட்டதும் அண்ணன் பேரைக் கொடுத்தது அவர் இல்லை, நீலா அக்கா.

அறிவு ஒரு கம்பெனியில் சூப்பர்வைசர். உடம்போடு ஒட்டிய உடை, ஹெல்மெட், கையில் இதயத் துடிப்பு பார்க்கிற கடிகாரம். ஆளுக்கு இரண்டு செட் துணி, ஒரு தண்ணீர் பாட்டில், அதற்கு மேல் கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லியிருந்தான்.

விடியற்காலை அண்ணனின் சைக்கிளை அவன் ஒரு முறை சுற்றி வந்து பார்த்தான். பின்னால் அரிசி மூட்டை. அதன் மேல் ஸ்டவ். இருபுறமும் தண்ணீர் கேன். ஹேண்டில்பாரில் கயிறு, டார்ச்சு, அலுமினியச் சட்டி. இரண்டு பை நிறையக் கருவாடு.

"இன்னாண்ணே இது?"

"கரைய வுட்டா கடை ஏது நைனா? பத்து நாளு போறோம்ல?"

"ஈசிஆர்ல அடிக்கொரு டீக்கடை கீதுண்ணே!"

"மூடிட்டான்னா?" என்றார் அண்ணன். படகு ஓட்டுகிறவரிடம் பாரம் பற்றிப் பேசி ஜெயிக்க முடியாது. கிளம்பினோம்.

அண்ணன் மிதிக்கிறாரா தள்ளுகிறாரா என்று திருவான்மியூர் வரை எனக்குப் புரியவில்லை. அதற்கப்புறம் நாய்கள் சேர்ந்துகொண்டன. கோவளத்தில் இரண்டு, திருவிடந்தையில் ஐந்து. ஒரு ஊர் நாய் தன் எல்லையில் விட்டால் அடுத்த ஊர் நாய் வாங்கிக்கொள்ளும். கருவாட்டு வாசனைதான் காரணம் என்று நாங்கள் எவ்வளவு சொல்லியும் அண்ணன் ஒத்துக்கொள்ளவில்லை. பிறந்ததிலிருந்து அதற்குள்ளேயே இருப்பவர் மூக்குக்கு அது எட்டவில்லை. "வாசனையா? இன்னா வாசனை?" என்று நிஜமாகவே முகர்ந்து பார்த்துக் கேட்டார்.

முதல் நாள் மாமல்லபுரத்துக்கு எல்லோருக்கும் கடைசியாக வந்தார். இரண்டாம் நாள் மரக்காணத்துக்கு விளக்கு வைத்த பிறகு வந்தார். அறிவு பொறுமை இழந்துவிட்டான்.

"உனுக்கோசரம் பத்து பேரு காத்துகினு கீறாங்கோ. பேஜாரா கீதுண்ணே. நாளைக்குப் பாண்டி பஸ் ஸ்டாண்டுல சைக்கிளோட ஏத்தி வுட்டுர்றேன். வூட்டுக்குப் போய்டு."

அண்ணன் நீலா அக்காவுக்குப் போன் போட்டார். அவர் போனில் உப்புத்தண்ணீர் போய் ஸ்பீக்கர் மட்டும்தான் வேலை செய்யும். எனவே குடும்ப விஷயம் நாங்கள் தங்கியிருந்த கல்யாண மண்டபம் முழுக்கக் கேட்டது.

"நாளைக்கு வந்துர்றேன் நீலா. பஸ்ல."

"யோவ், இன்னா வெள்ளாடறியா? பேனரப் பாத்துட்டு மார்க்கெட்டே கேக்குது, நேத்துப் போன ஆளு அதுக்குள்ள எப்டி வந்தாருன்னு. நானே பதில் சொல்ல முடியாம கீறேன்."

"கழட்டச் சொல்லு."

அக்காவின் குரல் இறங்கி வந்தது.

"அது எந்த போட்டோன்னு தெரியுமாய்யா? புயலு அன்னிக்கு எஞ்சின் நின்னு போய், ஆந்திரா பக்கம் அட்ச்சிகினு போனியே, அப்ப நான் குடுத்த போட்டோ. அதே கண்ணாடி. அன்னிக்கு அதுக்குக் கீழ 'காணவில்லை'ன்னு போட்டு அதே கல்மண்டபத்துல ஒட்டினாங்கோ. படகுல இருந்த வேகாத அரிசியத் தின்னுட்டு வந்து சேந்த. அதுலேர்ந்து தெருமுனைக்குப் போனாலும் அரிசி கட்டிகினு போற. இந்த வாட்டி அதே மூஞ்சிக்குக் கீழ 'திரும்பி வந்தாரு'ன்னு போட்டுகீது. தெனம் கூடையோட அந்தப் பக்கம் போறப்ப நின்னு பாத்துட்டுத்தான் போறேன். அத்தப் பொய்யாக்காதய்யா."

போன் வைத்ததும் பத்துப் பேரும் தூங்குவதுபோல் நடித்தோம்.

காலையில் அண்ணனைக் காணோம். பாரத்தைக் குறைக்கப் பக்கத்துக் குப்பத்துக்குப் போயிருக்கிறார் என்று தெரிந்தது. ஒரு வேளைக்கு ஆகும் அரிசியை மட்டும் வைத்துக்கொண்டு மீதி அரிசி, ஸ்டவ், இரண்டு பை கருவாடு எல்லாவற்றையும் அங்கே கொடுத்துவிடுவது அவர் திட்டம். நல்ல திட்டம்தான். ஆனால் கொடுக்கப் போனது மீன்பிடிக் குப்பத்தில். வந்தவர் பையை வெறுமையாகத் திருப்பி அனுப்புவார்களா? காசிமேட்டிலிருந்து சைக்கிளில் வந்த ஆள் என்று தெரிந்ததும் வீட்டுக்கு வீடு கூப்பிட்டார்கள். இரண்டு பை கொண்டுபோனவர் நான்கு பையோடு திரும்பினார். நான்கிலும் கருவாடு.

"வேணான்னா மூஞ்சி சுண்டுது நைனா. நான் இன்னா பண்ண?" என்று அறிவின் முன்னால் தலைகுனிந்து நின்றார். "நான் பஸ்லயே போய்டறேன்."

அறிவு தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தான். பைகளைப் பார்த்தான், அண்ணனைப் பார்த்தான், என்னையும் ஒரு முறை முறைத்தான். நான் என்ன செய்தேன்? பிறகு எழுந்து ஒரு பையைப் பிரித்துத் தன் முதுகுப் பையைத் திறந்தான்.

"கலீஜு," என்றான். "போடுண்ணே. பாண்டி வரைக்கும் எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் எடுங்கப்பா."

ஒரு துண்டு நெத்திலி வாசனைக்கே மூக்கைப் பொத்திய பயல் அவன். பிரித்துக் கட்டிக்கொண்டோம். அண்ணன் சைக்கிள் முதல்முறையாகச் சைக்கிள் மாதிரி ஓடியது.

இதில் நாங்கள் ஒன்றை யோசிக்கவில்லை. அதுவரை அண்ணன் ஒருவரைத் துரத்திய நாய்களுக்கு இப்போது எல்லோருமே அண்ணன்தான். மரக்காணம் தாண்டியதும் ஆரம்பித்தது. அறிவு தன் கடிகாரத்தைக்கூடப் பார்க்கவில்லை. டீ குடிக்க நிறுத்தலாம் என்று யாரும் சொல்லவில்லை. சின்னக் கூட்டமாக இருந்த நாய்கள் காலாப்பட்டில் பெரிய கூட்டமாகின. எல்லோருக்கும் முன்னால் லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு திருமலை அண்ணன் பறந்தார்.

கடலூர்ச் சாலையில் ஒரு வழியாக நாய்கள் எங்களைக் கைவிட்ட பிறகு மூச்சு வாங்க நின்றோம். அப்போதுதான் அறிவு கேட்டான், "பாண்டி பஸ் ஸ்டாண்டு எங்கப்பா?"

அது எப்போதோ பின்னால் போயிருந்தது. ஒருவரும் கவனிக்கவில்லை.

அண்ணன் போனை எடுத்தார். ஸ்பீக்கர் கரகரத்தது.

"நீலா, பாண்டி தாண்டிட்டேன்."

"அரிசி கீதா?"

"ஒரு வேளைக்குக் கீது."

"அப்ப போ," என்றார் நீலா அக்கா.